காலண்டர் தாளில் வந்த ஸ்தோத்திரங்கள்

பொறுமைபுரத்துக்கு அந்தப் பெயரை வைத்த வெள்ளைக்காரப் பாதிரியார், ஊரில் மூன்று மாதம் குடியிருந்து பார்த்துவிட்டு, இந்த ஜனங்களுக்கு எது இல்லையோ அதையே ஊருக்குப் பெயராக வைத்தால் கூப்பிடக் கூப்பிடவாவது வந்து சேரும் என்று நம்பித்தான் வைத்தார் என்பார்கள். நூறு வருஷத்துக்கு மேல் கூப்பிட்டும் அது வந்து சேரவில்லை. கடலுக்கும் தார்ரோட்டுக்கும் நடுவே மூன்று பக்கமும் உப்பளம் சூழ்ந்த ஊர் அது. உலகமெல்லாம் மழை வேண்டும் என்று முழங்கால் போடும்போது மழை வேண்டாம் என்று முழங்கால் போடுகிறவர்கள் அங்கே இருந்தார்கள், எட்டு மைல் தள்ளி நெல் விளைகிற ஊர்க்காரர்களோ, உங்களால்தான் ஆண்டவருக்குத் தலைவலி என்று கேலி பேசினார்கள்.

அந்த ஊர்க் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சிவப்பு வெல்வெட் காணிக்கைப் பை வரிசை வரிசையாகச் சுற்றி வரும்போது, நன்மை பெற்றவர்கள் தங்கள் காணிக்கையோடு ஒரு துண்டுச் சீட்டும் எழுதிப் போடுவார்கள்; மகன் கப்பலில் வேலைக்குச் சேர்ந்ததற்காக இன்னார், குடல்வால் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததற்காக இன்னார், மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனதற்காக இன்னார் என்று அதைப் பீடத்துக்கு முன் நின்று வாசிக்க, ஒவ்வொன்றுக்கும் சபை முழுவதும் "ஸ்தோத்திரம்" என்று சொல்லும். குருவானவர் மாதத்தில் இரண்டாம் ஞாயிறு மட்டும்தான் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவதும் சீட்டு வாசிப்பதும் உபதேசியார் அருமைநாயகம்.

அருமைநாயகத்துக்குக் கணீரென்ற குரல். ஆனால் அவர் பேரில் ஒரு சீட்டு வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு மார்ச் பதினேழாம் தேதி அவர் மனைவி சுகிர்தம், துணி நனைத்துவிட்டுக் கொல்லைப்படியில் உட்கார்ந்தவள், உட்கார்ந்தபடியே போய்விட்டாள். பிள்ளைகள் இல்லை. அதற்குப் பிறகு ஊராருடைய நன்றியையெல்லாம் தவறாமல் வாசித்தாரே தவிர, தனக்கென்று நன்றி சொல்ல ஒன்றும் மிச்சமில்லை என்று முடிவுகட்டிவிட்டார். துக்கம் அவருக்குச் சட்டை மாதிரி ஆகிவிட்டது. தினமும் துவைத்துப் போட்டுக்கொண்டார்.

ஊருக்கு முதன்முதலாக டவுன் பஸ் வந்த வருஷம், கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு ஞாயிறுகளில் முதல் ஞாயிறு அன்று, பையில் ஒரு தினக்காலண்டர் தாள் கிடந்தது. ஒரு பக்கத்தில் செவ்வாய்க்கிழமைத் தேதியும் ராகுகாலமும் எமகண்டமும் அச்சாகியிருக்க, மறுபக்கத்தில் பென்சிலில், குண்டு குண்டாக எழுதியிருந்ததை அருமைநாயகம் யோசிக்காமல் வாசித்தார்:

"முதல் தோசை கல்லில் ஒட்டாமல் வந்ததற்காக, லீதியாள் மோட்சராஜ்."

சபை வழக்கப்படி "ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் எதற்குச் சொன்னோம் என்று யோசித்தது. பெண்கள் பக்கத்தில் லீதியாள் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"நான் எழுதலியே உபதேசியாரே," என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா ஒட்டாமத்தான் வந்துச்சு," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அடுத்த ஞாயிறு மூன்று தாள்கள் வந்தன. லீதியாளின் புருஷன் மோட்சராஜ், உப்பு வாருகையில் கால் புண் எரிந்துகொண்டிருந்த நேரம் தெற்குக் காற்று அடித்ததற்காக. பொன்ராசாத்தி, மூன்று நாள் பேசாமல் இருந்த மருமகள் நான்காம் நாள் தானாக வந்து தலையில் பேன் பார்த்ததற்காக. மூன்றாவது தாளை வாசிக்கும்போதுதான் உபதேசியாருக்கே நாக்கு தடுமாறியது, ஏனென்றால் அது சபை மூப்பர் யோபுராஜின் பேரில் வந்திருந்தது. சினிமாக் கொட்டகை இருக்கிற தெருவழியாகக்கூட நடக்கமாட்டேன் என்று சபதம் எடுத்தவர் அவர். "கிணற்றடியில் குளிக்கும்போது பழைய சினிமாப் பாட்டு ஒன்று முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஞாபகம் வந்ததற்காக, யோபுராஜ்."

அன்றைக்கு "ஸ்தோத்திரம்" கொஞ்சம் சத்தமாகவே கேட்டது.

வீட்டுக்குள் நடப்பதை எவனோ எட்டிப் பார்க்கிறான் என்று முதல் இரண்டு வாரம் ஊரே ஜன்னலைச் சாத்தி வைத்து வெந்து போனது; சாத்தின ஜன்னலுக்குள்ளே திடீரென்று ஒரு விசிறிக் காற்று வந்ததற்காகவும் தாள் வந்தது. பள்ளிக்கூட வாத்தியார் ஊரில் எழுதத் தெரிந்த அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்கிப் பார்த்தார், குண்டு எழுத்து யாருடையதும் இல்லை. தாள்களோ அவரவர் வீட்டுக் காலண்டரில் அவரவர் கிழித்துக் குப்பையில் போட்டவைதான், அதில் சந்தேகமில்லை. மோட்சராஜ் வீட்டுத் தாளில் குழம்புக் கறைகூட இருந்தது. ராகுகாலம் அச்சடித்த தாளைப் பீடத்துக்கு முன் வாசிக்கலாமா என்று யோபுராஜ் ஒரு கமிட்டி கூட்டினார். ராகுகாலம் முன்பக்கம்தானே, ஸ்தோத்திரம் பின்பக்கம்தானே என்று கமிட்டி முடிவு சொன்னது. இரண்டாம் ஞாயிறு வந்த குருவானவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மேலிடத்துக்கு எழுத வேண்டிய விஷயம் என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அன்றைய பையில், பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததற்காக என்று அவர் பேரிலேயே ஒரு தாள் இருந்தது. பிறகு அவர் மேலிடத்துக்கு எழுதவில்லை.

எதையும் எத்தனை நாளைக்குத்தான் அதிசயம் என்று சொல்லிக்கொண்டிருப்பது? கிறிஸ்துமஸ் முடிவதற்குள் தாள்கள் ஊருக்கு உப்புக்காற்று போலப் பழகிவிட்டன. ஆராதனை நீண்டு நீண்டு மதியம் ஆகி, வீட்டில் அடுப்பில் வைத்துவிட்டு வந்த குழம்பு தீய்ந்து, தீய்ந்த குழம்பையும் பிள்ளைகள் முகம் சுளிக்காமல் தின்றதற்கு அடுத்த வாரம் தாள் வந்தது. உப்பளத்துப் பாத்தியில் குனிந்து நிற்கிற பெண்கள், "ஏட்டி, இன்னைக்கு ஒனக்கு எதுக்கு வரும்?" என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொண்டார்கள். கேட்ட பிறகு பதில் தேட வேண்டியிருந்தது. தேடினால் கிடைத்தது, அதுதான் விசேஷம். தண்ணீர்க் குழாயடியில் சண்டை பாதியில் நின்றுபோனது, ஏனென்றால் திட்டிக்கொண்டிருக்கும்போதே எதிராளி போன மாதம் கொடுத்த கருவாட்டுக்கு வந்த தாள் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. டீக்கடைச் சுடலைமாடன் கோயிலுக்குள் வரமாட்டார், ஆனால் பை சுற்றும் நேரத்துக்குக் கடையை அடைத்துவிட்டு வாசலில் செருப்பைக் கழற்றி நின்றார். பால் திரியாமல் இருந்ததற்கு அவர் பேரிலும் ஒன்று வந்த அன்று, ஊருக்கெல்லாம் ஓசியில் டீ.

அந்த நான்கு மாதத்தைப் பற்றி, இன்று சென்னையிலும் பம்பாயிலும் துபாயிலும் கிடக்கிற பொறுமைபுரத்தார் எந்தக் கல்யாண வீட்டில் சந்தித்துக்கொண்டாலும் பேசாமல் கலைவதில்லை. அப்போது நம்மிடம் இப்போது இருப்பதில் கால்வாசிகூட இல்லை, ஆனால் நமக்கு என்னென்ன இருந்தது என்று வாரா வாரம் ஒருவர் வாசித்துச் சொன்னாரே என்பார்கள்.

வாசித்துச் சொன்னவர் பேரில் மட்டும் ஒரு தாளும் வரவில்லை. அதில் அருமைநாயகத்துக்கு ஒருவகைத் திருப்திகூட இருந்தது. ஆண்டவர் என் துக்கத்துக்கு மரியாதை கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

மார்ச் மாதம், ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தின் நடுவில் ஒரு ஞாயிறு, பதினோராவது தாளை எடுத்தார். பழுத்து மஞ்சளாகிப்போன தாள். மார்ச் பதினேழு என்று இருந்தது, ஒன்பது வருஷத்துக்கு முந்தின மார்ச் பதினேழு. மறுபக்கம் அதே குண்டு எழுத்து. அவர் கண்ணால் வாசித்தார்:

"என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருஷத்தில் முதன்முறையாக எனக்குக் காப்பி போட்டுத் தந்ததற்காகவும், சர்க்கரை என்று நினைத்து அதில் உப்பை அள்ளிப் போட்டதற்காகவும், நான் வயிறு வலிக்கச் சிரித்ததற்காகவும், மிச்சம் வைக்காமல் குடித்ததற்காகவும், சுகிர்தம் அருமைநாயகம்."

சபை காத்திருந்தது. அருமைநாயகம் அந்தத் தாளை நான்காக மடித்து ஜிப்பாப் பைக்குள் வைத்துக்கொண்டு, பன்னிரண்டாவது தாளை எடுத்தார்.

அன்று காலை என்ன நடந்தது என்று அவருக்கு நன்றாகத் தெரியும், தெரிந்த மட்டில். மூச்சு வாங்குகிறது, கொஞ்சம் படுத்திருக்கிறேன் என்று சுகிர்தம் சொன்னாள். அவர் என்றைக்கும் இல்லாமல் அடுப்படிக்குள் போய், ஒரே மாதிரி இரண்டு கண்ணாடிப் பாட்டில்களில் ஒன்றைத் திறந்து இரண்டு கரண்டி போட்டுக் கலக்கி, பெருமையோடு டம்ளரைக் கொண்டுவந்து நீட்டினார். ஒரு வாய் குடித்தவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். எழுந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். என்ன என்று கேட்டால் கையை ஆட்டினாள், சொல்லவில்லை. ஒருநாள் ஆசையாகக் காப்பி போட்டால் கேலியா என்று அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பொம்பளைக்கு இவ்வளவு சிரிப்பு ஆகாது" என்றார். தினமும் வீட்டைவிட்டுக் கிளம்புமுன் இருவரும் வாசலில் நின்று சிறு ஜெபம் பண்ணுவது வழக்கம். அன்று பண்ணாமல் போய்விட்டார். சாயங்காலம் ஆள் வந்து கூப்பிட்டு அவர் ஓடிவந்தபோது, அந்த டம்ளர் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

அவளிடம் அவர் பேசின கடைசி வார்த்தை அந்தத் திட்டுதான். ஒன்பது வருஷமாக அதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. சுகிர்தத்துக்கு இருதயத்தில் வால்வு கோளாறு, உப்பைக் குறைக்க வேண்டும் என்று பாளையங்கோட்டை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். உப்பு விளைகிற ஊரில் உப்பில்லாக் கஞ்சி குடித்தவள் அவள். அவளுக்கு ஒரு டம்ளர் உப்பைக் கரைத்துக் கொடுத்தது யார்? ஜிப்பாப் பையில் அந்தத் தாள் அவருக்குச் சூடாகக் கொதித்தது.

அடுத்த ஞாயிறு பையில் காலண்டர் தாள் ஒன்றுகூட இல்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை.

ஊர் முதலில் பையைத் தலைகீழாக உதறிப் பார்த்தது. பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தது. தோசை அப்போதும் ஒட்டாமல்தான் வந்தது, காற்று அப்போதும் தெற்கிலிருந்துதான் அடித்தது, ஆனால் வாசித்துச் சொல்ல ஆளில்லாதபோது அதெல்லாம் வெறும் தோசையாகவும் வெறும் காற்றாகவும் போய்விட்டது. பொன்ராசாத்தியும் மருமகளும் மறுபடி பேச்சை நிறுத்தினார்கள். யோபுராஜ் கிணற்றடியில் வாய்திறக்காமல் குளித்தார். யாரோ பாவம் செய்திருக்கிறார்கள், அதனால்தான் நின்றுவிட்டது என்று பேச்சு கிளம்பி, யார் என்று கண்டுபிடிக்க ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் குறித்தார்கள். ஜெபத்தை நடத்த வேண்டியவர் யார்? உபதேசியார்தான்.

பிரசங்கம் பண்ணினவர் யோபுராஜ். பைபிளில் வருகிற, எரிகோவில் எடுக்கக்கூடாததை எடுத்துக் கூடாரத்துக்குள் புதைத்து வைத்து, இஸ்ரவேல் ஜனம் முழுவதையும் தோற்கவைத்த ஆகானைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார். "நம்ம நடுவுலயும் ஒரு ஆகான் இருக்கான்! ஆண்டவரே, அவனக் காட்டிக் குடும்!" என்று அவர் மேஜையைத் தட்டினபோது, எல்லோருக்கும் முன்னால் முழங்கால் போட்டிருந்த அருமைநாயகம், வழக்கமான கணீர்க் குரலில் "ஆமென்" என்றார். சொல்லிவிட்டு, ஜெபம் முடியுமுன்பே எழுந்து வெளியே போனார்.

மறுநாள் காலையில் செல்லத்தாய் நர்ஸ் வீட்டுக்குப் போனார். ஊர் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் வேலைபார்த்து ஓய்வுபெற்றவள், சுகிர்தத்தைக் கடைசியாகக் கைபிடித்துப் பார்த்தவளும் அவள்தான். அருமைநாயகம் தாளை எடுத்து நீட்டினார். அவள் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி, வாசித்து, முன்பக்கம் தேதியைப் பார்த்து, மறுபடி வாசித்தாள்.

"நீங்கதான் ஆகானா?" என்றாள்.

"சிஸ்டர், எங்கிட்ட மறைக்காதீய. நான்தான் அவளக் கொன்னேனா?"

"எதால? ரெண்டு கரண்டி உப்பாலயா?" செல்லத்தாய் கண்ணாடியைக் கழற்றினாள். "ரெண்டு கரண்டி உப்புல உசுரு போவும்னா இந்த ஊர்ல இன்னைக்கு யாருவே மிஞ்சியிருப்பா? அவ வால்வு சுருங்கிப் போயி அப்பவே ரெண்டு வருசம் ஆச்சு. ஆபரேசன் பண்ணணும்னு டாக்டர் சொன்னது ஒங்களுக்கும் தெரியும், அவ பயந்துகிட்டு வரலன்னதும் தெரியும். நீங்க தேனக் கலந்து குடுத்திருந்தாலும் அன்னைக்கு அந்த இருதயம் நின்னிருக்கும்."

அருமைநாயகம் தாளைத் திரும்ப வாங்கி மடித்தார்.

"அப்ப அவ ஏன் சிஸ்டர் எங்கிட்ட சொல்லல? உப்பு போட்டிட்டியன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? அவ கேலி பண்ணுதான்னு நெனச்சு நான் திட்டிட்டுல்லா போனேன்."

"சொல்லியிருந்தா நீங்க மறுபடி அடுப்படிப் பக்கம் வந்திருப்பியளா?" என்று கேட்டாள் செல்லத்தாய். "நாளைக்கும் ஒரு காப்பி கிடைக்கும்னு ஆசைப்பட்டிருப்பா. எந்திரிச்சுப் போங்க. இத எனக்கு வாசிச்சுக் காட்டவா ஆண்டவர் அனுப்பினாரு?"

மறுநாள் குருத்தோலை ஞாயிறு. ஊரே பச்சை ஓலையைக் கையில் பிடித்துப் பாடிக்கொண்டு தெருவைச் சுற்றிவந்து, பிள்ளைகள் ஓலையால் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தது. பை சுற்றியது. காலண்டர் தாள் இல்லை. அருமைநாயகம் இரண்டு மூன்று வழக்கமான சீட்டுகளை வாசித்தார். பிறகு ஜிப்பாப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் பிரித்தார்.

"இது நாலு வாரத்துக்கு முன்ன வந்தது," என்றார். "நான் மறைச்சு வச்சிட்டேன். நீங்க தேடின ஆகான் நான்தான்."

யோபுராஜ் எழுந்து நின்றார், பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்தார். வாசலில் சுடலைமாடன் கழுத்தை நீட்டினார். அருமைநாயகம் வாசிக்க ஆரம்பித்தார். கணீர்க் குரல் அன்று வரவில்லை, "காப்பி போட்டுத் தந்ததற்காகவும்" என்ற இடத்தில் ஒரு தடவை நின்றது, "உப்பை அள்ளிப் போட்டதற்காகவும்" என்ற இடத்தில் கம்மியது, கடைசியில் "சுகிர்தம் அருமைநாயகம்" என்ற பெயரைச் சொல்லும்போது வெறும் காற்றாகத்தான் வந்தது. அவள் சிரித்தபோது தான் என்ன சொல்லிவிட்டுப் போனார் என்பதையும், ஜெபம் பண்ணாமல் போனதையும், தாளில் இல்லாவிட்டாலும் சொல்லி முடித்தார்.

ஸ்தோத்திரம் வரவில்லை. செத்துப்போனவளுடைய தாளுக்கு என்ன சொல்வது என்று சபைக்குத் தெரியவில்லை. உப்பையே பிழைப்பாகக் கொண்ட ஊரில், உப்புக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு மனிதர் இத்தனை வருஷமாகத் தங்களுக்கு உபதேசம் பண்ணியிருக்கிறார் என்பது மட்டும் ஒவ்வொருவர் மண்டையிலும் மெல்ல மெல்ல ஏறியது. எல்லோரும் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். முதலில் பொன்ராசாத்தியின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பக்கத்திலிருந்த மருமகள் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக் குலுங்கினாள். லீதியாள் குருத்தோலையால் வாயைப் பொத்தினாள், பலிக்கவில்லை. அப்புறம் யார் யார் என்று சொல்ல முடியாது, யோபுராஜ் மூப்பர்வரை, சபையே கோயில் ஓடு அதிரச் சிரித்தது, ஓலைகளெல்லாம் காற்றடித்தது போல் ஆடின. சிரிப்பின் நடுவில் அழுகையும் இருந்தது, இரண்டையும் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. பீடத்துக்கு முன்னால் நின்ற அருமைநாயகம், ஒன்பது வருஷத்தில் முதன்முறையாகத் தானும் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சபை சொல்வதற்கு முன் தானே சொன்னார்: "ஸ்தோத்திரம்."

"ஸ்தோத்திரம்!" என்றது சபை. வாசலில் நின்ற சுடலைமாடனும் சொன்னார்.

குண்டு எழுத்துத் தாள்கள் அதற்குப் பிறகு வரவே இல்லை. ஊர் அதற்காகப் பெரிதாக வருத்தப்படவும் இல்லை. அடுத்த ஞாயிறு லீதியாள் தன் வீட்டுக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் தன் கோணல் எழுத்தில் தானே எழுதிப் போட்டாள், அதற்கடுத்த ஞாயிறு பத்துப் பேர் போட்டார்கள், கொஞ்ச நாளில் பொறுமைபுரத்தில் காலண்டர் தாளைக் குப்பையில் போடுகிற பழக்கமே ஒழிந்தது.

ஆனால் அந்தக் குருத்தோலை ஞாயிறு மதியம் அருமைநாயகம் என்ன செய்தார் என்று சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்து, ஜிப்பாவைக் கழற்றாமலே அடுப்படிக்குள் போய் ஒரு டம்ளர் காப்பி போட்டார். உப்புப் பாட்டிலைத் திறந்து, அன்று போட்ட அதே இரண்டு கரண்டி போட்டுக் கலக்கினார். அவள் நின்ற கதவு நிலையருகே போய் நின்று ஒரு வாய் குடித்தார். தொண்டைக்குள் இறங்கவில்லை. ஓடிப்போய்க் கொல்லையில் துப்பிவிட்டு, இருமி, கண்ணில் தண்ணீர் வழியத் திரும்பிவந்து டம்ளருக்குள் பார்த்தார், கழுத்துவரை அப்படியே நிறைந்திருந்தது.

அன்றைய தேதியைக் காலண்டரிலிருந்து கிழித்தார். பென்சிலைத் தேடி எடுத்து, தாளைத் திருப்பி வைத்து எழுதினார்: "எனக்கு ஒரு வாய்கூட முடியாததை ஒருத்தி எனக்காக ஒரு டம்ளர் முழுவதும் குடித்ததற்காக, அருமைநாயகம்."